அக்காவின் முழங்காலும் பாங்காக் நகரமும்

பாங்காக்கில் நாங்கள் முதலில் கற்றுக்கொண்டது, எந்த ரயில் நிலையத்தில் லிஃப்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான். அங்கே ஸ்கைட்ரெய்ன் சாலைக்கு மேலே தூண்களில் ஓடுகிறது, நிலையத்துக்குப் போக இரண்டு மூன்று மாடி உயரம் ஏற வேண்டும், எல்லா வாசலிலும் லிஃப்ட் கிடையாது. அக்காவுக்கு 64 வயது, வலது முழங்காலில் தேய்மானம், ஏறினால் வலி, இறங்கினால் அதைவிட வலி. ஊரில் உட்கார்ந்து நான் போட்டு வைத்திருந்த திட்டத்தில் ஒரு நாளைக்கு நான்கு இடங்கள் இருந்தன. முதல் நாள் மாலையே அதைத் தூக்கி வைத்துவிட்டோம். காலையில் ஒரு இடம், மதியம் தூக்கம், சாயங்காலம் எங்காவது ஒரு பெஞ்ச். ஏழு நாளும் அப்படித்தான் போனது, இப்போது யோசித்தால் அந்த ஊரை வேறு எப்படியும் பார்த்திருக்க வேண்டாம் என்றே தோன்றுகிறது.

சீலோம் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் தங்கினோம். சந்து முனையில் காலை ஆறரைக்கே ஒரு பூக்காரம்மா உட்கார்ந்துவிடுவார். மல்லிகை மொட்டை நெருக்கமாகக் கோத்து, கீழே ஒரு ரோஜாவும் இரண்டு குஞ்சமும் தொங்கவிட்ட கையளவு மாலைகள், ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வரிசையாக. அக்கா பூவைப் பார்த்தால் நிற்காமல் போகமாட்டாள். நான் போனில் மொழிபெயர்ப்பைத் திறப்பதற்குள் அவள் பச்சைத் தமிழில் "மாலை எவ்வளவும்மா?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "மாலை! மாலை!" என்று தலையாட்டி இரண்டு விரலைக் காட்டினார். இருபது பாட். அப்புறம்தான் தெரிந்தது, தாய்லாந்து மொழியிலும் அதற்குப் பெயர் மாலைதான். கொத்தாகக் கோத்ததை 'புவாங் மாலை' என்கிறார்கள். அன்று முதல் தினமும் ஒரு மாலை வாங்காமல் சந்தைத் தாண்டியதில்லை.

இந்த மாதிரிச் சொற்கள் அந்த ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, காதைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும். ரயிலில் ஒவ்வொரு முறையும் ஒலிக்கும் அறிவிப்பில் 'ஸதானி' என்று வருமே, அது ஸ்தானம், நிலையம். சாப்பாடு 'ஆஹான்', அதாவது ஆகாரம். நேரத்துக்கு 'வேலா', நம் வேளை. ஆசிரியர் 'க்ரூ', நாடு 'பிரதேத்', பல்கலைக்கழகம் 'மஹா வித்தயாலை'. வடமொழியும் பாலியும் வழியாகப் போன சொற்கள்தான், ஆனால் 31 வருடம் தமிழாசிரியையாக இருந்தவளுக்கு அது பெரிய புதையல். சின்ன நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டே வந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி அதை எட்டிப் பார்த்து, தன் பங்குக்கு 'சுக்', 'துக்' என்று இரண்டு சொல் சொல்லி, முகத்தை மலர்த்தியும் சுருக்கியும் நடித்துக் காட்டினாள். சுகம், துக்கம். இறங்கும்போது அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

முழங்கால் வலிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று சொல்வேன், படகைப் பிடியுங்கள். சபான் தாக்சின் ரயில் நிலையத்துக்குக் கீழேயே சாத்தோன் படகுத்துறை இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கான விலை கூடிய படகும் உண்டு, அது வேண்டாம் என்று ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் போனோம், எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட். டிக்கெட் கொடுக்கும் பெண் கையில் நீளமான உலோகக் குழல், அதைத் திறந்து மூடிச் சில்லறையைக் குலுக்கிக்கொண்டே கூட்டத்துக்குள் நுழைந்து வருவார். படகின் பின்பக்கம் கயிறு போடும் ஆள் விசில் அடித்து அடித்துத்தான் ஓட்டுநருக்கு இன்னும் கொஞ்சம், நிறுத்து, கிளம்பு என்றெல்லாம் சொல்கிறார். முதல் முறை படகுக்கும் துறைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து அக்கா பயந்து நின்றுவிட்டாள். விசில்காரர் நீளமாக ஒரு விசில் கொடுத்தார், படகு மறுபடி துறையோடு ஒட்டியது, அவர் தன் முன்கையை நீட்டினார், அக்கா அதைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அத்தனை கூட்டமும் பொறுமையாக நின்றது, ஒரு முணுமுணுப்பு இல்லை. வாசலை ஒட்டிப் பிக்குகளுக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பெண்கள் அவர்கள்மேல் படக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான வழக்கம், அதனால் அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளியே நின்றாள்.

அரண்மனைக்குப் போன நாளில் ஒரு கசப்பு நடந்தது. மதிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தோம். சட்டையை இன் செய்து, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் நல்ல ஆங்கிலத்தில், இன்று பூஜை நடக்கிறது, ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள், அதுவரை பக்கத்தில் ஒரு பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு வாருங்கள், இருபது பாட்டுக்கு துக்துக் ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்றார். அக்காவின் முழங்காலைப் பார்த்து வருத்தம் வேறு பட்டார். நாங்கள் வண்டியில் ஏறியே உட்கார்ந்துவிட்டோம். நடைபாதையில் கொய்யாவும் மாங்காயும் நறுக்கி விற்கும் ஒரு பெண்தான், வாய் திறக்காமல், கத்தியை மட்டும் அரண்மனை வாசல் பக்கம் நீட்டித் தலையை ஆட்டினார். இறங்கிவிட்டோம். வாசல் திறந்துதான் இருந்தது, உள்ளே ஆயிரக்கணக்கில் கூட்டம். இது பல வருடமாக நடக்கிற ஏமாற்று வேலை, நகைக்கடைக்கும் தையல் கடைக்கும் அழைத்துப் போய்க் கமிஷன் வாங்குவதற்காக. வயதானவர்களின் வலியைப் பார்த்து அதையே பிடியாக்கிக்கொள்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம் தீர அரை நாள் ஆனது. யார் என்ன சொன்னாலும் வாசலுக்கே போய்ப் பாருங்கள், காலை 8.30 முதல் மதியம் 3.30 வரை டிக்கெட் கொடுக்கிறார்கள், ஆளுக்கு 500 பாட். அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை போட்டிருந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

1782இல் முதலாம் ராமா மன்னர் ஆற்றின் இந்தக் கரைக்குத் தலைநகரை மாற்றியபோது கட்டத் தொடங்கிய அரண்மனை இது. எல்லோரும் மரகத புத்தரைப் பார்க்க ஓடுகிறார்கள். பெயர்தான் மரகதம், உண்மையில் பச்சைக் கல்லில் செதுக்கியது, 66 சென்டிமீட்டர் உயரம்தான். வெயில், மழை, குளிர் என்று மூன்று பருவத்துக்கும் மூன்று உடை, பருவம் மாறும்போது மன்னரே வந்து மாற்றுவார். நாங்களும் பார்த்தோம், ஆனால் அக்காவைக் கட்டிப்போட்டது சன்னிதி அல்ல, சுற்றுப் பிராகாரம். நிழலான மண்டபம், சுவர் முழுக்க 178 பகுதிகளாக ராமாயணம், அவர்கள் மொழியில் ராமகியென். ராவணனுக்கு அங்கே தொட்ஸகன் என்று பெயர், தசகண்டன் என்பதுதான் அப்படித் தேய்ந்திருக்கிறது. அனுமார் வெள்ளைக் குரங்கு, பிரம்மச்சாரி கிடையாது. சேது கட்டும்போது கற்களைத் திருடிக்கொண்டு போகும் கடல்கன்னி ராவணனின் மகள், அவளை அனுமார் காதலித்துப் பிள்ளையும் பெறுகிறார். அக்கா முதலில் முகம் சுளித்தாள். அப்புறம் தூணடியில் உட்கார்ந்து அந்தப் படத்தையே வெகு நேரம் பார்த்துவிட்டு, "கதையை ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டா அப்புறம் அது அவங்க கதைதானேடா" என்றாள். ஒரு மணி நேரம் அந்தப் பிராகாரத்தில் மட்டுமே இருந்தோம். சுவரில் ஒரு பக்கம் சாரம் கட்டி, தரையோடு உட்கார்ந்து ஒருவர் மெல்லிய தூரிகையால் ஒரு அரக்கனின் கிரீடத்துக்குப் பொன் பூசிக்கொண்டிருந்தார். திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி கிரீடத்துக்குப் போய்விட்டார்.

வாட் போ கோயிலின் 46 மீட்டர் சயன புத்தர் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் சொல்ல வேண்டியது அங்கே கேட்கும் ஓசை பற்றி மட்டும். புத்தரின் முதுகுப் பக்கம் 108 கிண்ணங்கள் வரிசையாக இருக்கின்றன, சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். கண்ணை மூடி நின்றால் மண்டபம் முழுக்க மழைத்துளி விழுவது போல இருக்கிறது.

அங்கிருந்து ஐந்து பாட் கொடுத்து எதிர்க்கரைக்குப் போனால் வாட் அருண், அருணன் கோயில். சீனப் பீங்கான் தட்டுகளையும் கிண்ணங்களையும் உடைத்துப் பூப்பூவாகப் பதித்த கோபுரம். தூரத்திலிருந்து சாம்பல் நிறமாகத் தெரிவது, கிட்டே போனால் பாட்டி வீட்டுத் தட்டுகளாக மாறிவிடுகிறது. படிகள் செங்குத்து. நான் மட்டும் ஏறிவிட்டு வந்தேன், இருபது நிமிடம்தான், அதற்குள் கீழே அக்காவைச் சுற்றி நான்கு பெண்கள். அங்கே வாசலில் பழைய தாய்லாந்து உடையை வாடகைக்கு எடுத்து உடுத்திப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம், பளபளக்கும் இடுப்புத் துணியும், ஒரு தோளில் மட்டும் போடும் 'சபாய்' என்கிற மேலாடையும். ஒருத்தியின் சபாய் நழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. அக்கா தன் தோளில் இருந்த ஊக்கைக் கழற்றி, முந்தானைக்கு மடிப்பு வைப்பது போலவே அதை மடித்துக் குத்திவிட்டிருக்கிறாள். உடனே மற்ற மூன்று பேரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். கைப்பையில் இருந்த ஊக்கு எல்லாம் காலி. அவர்கள் எடுத்த படங்களில் எல்லாம் நடுவே அக்கா, பச்சைச் சுங்குடிப் புடவையும் வெள்ளை கேன்வாஸ் ஷூவுமாக. ஒரு வார்த்தைகூடப் பொதுவாக இல்லாமல் எப்படி இவ்வளவு பேசினார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சாப்பாடு கஷ்டம் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அக்கா சைவம், அங்கே வெறும் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாஸ் ஊற்றுவார்கள், காய் மட்டும் போடு என்று சொன்னால் அது போதாது. நாங்கள் பிடித்துக்கொண்ட சொல் 'ஜே'. சீன பௌத்தர்களின் சுத்த சைவம், பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும், நம் கண்ணுக்கு அது 17 என்று எழுதியது மாதிரியே தெரியும். அந்த 17ஐத் தேடிக்கொண்டே நடந்தோம். சீனர் தெருவான யாவராத் பக்கம் ஒரு ஜே கடை, பன்னிரண்டு தட்டில் குழம்பும் பொரியலும், கை காட்டினால் சோற்றின்மேல் அள்ளி வைப்பார்கள். கடைக்காரத் தாத்தா, அக்கா மறுநாளும் வந்ததைப் பார்த்ததும், பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவிட்டு உள்ளேயிருந்து அவர் உட்கார்கிற மர நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். காசு கொடுக்கும்போது 'கோப் குன் க்ராப்' என்று நன்றி சொன்னேன். அக்கா பெண் என்பதால் 'க்ராப்' வராது, 'கா' என்று முடிக்க வேண்டும் என்று அவர் அவளுக்குத் தனியாக இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார். மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும் தினமும் ஒரு வேளை சாப்பிட்டோம், அதற்குக் கணக்கே இல்லை.

சீலோம் சாலையிலேயே நம் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1879 வாக்கில் இங்கே வந்த தமிழர்கள் கட்டியது. ஊர்க்காரர்கள் 'வாட் கேக்' என்கிறார்கள், கேக் என்றால் விருந்தாளி, நம் பக்கத்து ஆட்களுக்கும் அதுதான் பெயர். நாங்கள் நாலைந்து தமிழ்க் குடும்பங்களைப் பார்ப்போம் என்று நினைத்துப் போனோம். உள்ளே நூறு பேர் இருந்தால் தொண்ணூறு பேர் தாய்லாந்து மக்கள். அலுவலக உடையில், கையில் தட்டு, அதில் தேங்காய், வாழைப்பழம், பால், செவ்வந்தி. செருப்பைக் கழற்றி, முழங்கால் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி நெடுநேரம். அம்மனை அவர்கள் உமாதேவி என்கிறார்கள். நவராத்திரி முடிவில் விஜயதசமி அன்று இந்தச் சாலையையே மூடி அம்மன் ஊர்வலம் வருவாள், வழியெல்லாம் தாய் மக்கள் மஞ்சள் பூவால் மேடை போட்டுக் காத்திருப்பார்கள். அக்கா கையில் இருந்த இருபது பாட் மாலை அன்று அம்மனுக்குப் போனது. என் பக்கத்தில் ஒரு இளைஞன் போனில் தாய் எழுத்தில் இருந்த ஒரு மந்திரத்தை உதடசைத்துப் படித்துக்கொண்டிருந்தான், தவறாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற கவனம் அவன் முகம் முழுக்க.

சரி, நான் எழுத உட்கார்ந்ததே அடுத்த இடத்துக்காகத்தான்.

பழைய நகரத்தில் வாட் சுதாத் எதிரே, சாலை நடுவில், இருபது மீட்டருக்கும் மேல் உயரமான இரண்டு சிவப்புக் கம்பங்கள் நிற்கின்றன, மேலே ஒரு குறுக்குச் சட்டம். சாவ் சிங்சா, பெரிய ஊஞ்சல். இப்போது ஊஞ்சல் பலகை கிடையாது, வெறும் கம்பம்தான். 2007இல் பிரே மாகாணத்திலிருந்து ஆறு தேக்கு மரங்களைக் கொண்டுவந்து புதிதாக நிறுத்தியது. ஒரு காலத்தில் இதில் ஆட்கள் நின்றுகொண்டு வானத்துக்கு ஆடி, மூங்கில் நுனியில் கட்டிய காசு முடிப்பைப் பல்லால் கவ்வுவார்கள். ஆபத்து அதிகம் என்று 1930களில் நிறுத்திவிட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் ஒரு படம் எடுத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறார்கள். ஆனால் அந்த ஊஞ்சல் எந்த விழாவுக்கு ஆடினார்களோ அந்த விழாவின் பெயர் 'த்ரியம்பவாய் – த்ரிபவாய்'. மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை.

ஊஞ்சலுக்குப் பக்கத்துத் தெருவில் தேவஸ்தான் என்ற சின்னக் கோயில் இருக்கிறது, 1784இல் கட்டியது, சிவனுக்கும் பிள்ளையாருக்கும் திருமாலுக்கும் வரிசையாக மூன்று சன்னிதிகள். அரசவைப் பிராமணர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள், வெள்ளை உடுத்தி, முடியைக் கொண்டையாக முடிந்து. தங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஊஞ்சல் நின்றுபோனாலும் சிவபெருமான் பூமிக்கு வந்து தங்கும் நாட்கள் என்று அந்த விழாவைக் கோயிலுக்குள் இன்றும் நடத்துகிறார்கள், நம் பாவைப் பாடல்களை ஓதுகிறார்கள். கிரந்த எழுத்தில் எழுதி வைத்து, தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்து, உச்சரிப்பு கரைந்து, பொருளும் கரைந்து, ஓசை மட்டும் மிஞ்சி.

நாங்கள் போனது ஜனவரி முதல் வாரம், மார்கழி இன்னும் முடியவில்லை. பகல் பதினோரு மணி, முற்றத்தில் யாரும் இல்லை, ஒரு வயதான மனிதர் மட்டும் இலை கூட்டிக்கொண்டிருந்தார். அக்கா சன்னிதிக்கு எதிரே படியில் உட்கார்ந்தாள், கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் திருவெம்பாவை முதல் பாட்டைத் தொடங்கினாள். சின்ன வயதில் மார்கழிக் குளிரில் என்னைப் போர்வையிலிருந்து இழுத்து எழுப்பிக் கூட்டிப் போய்ப் பாடுவாளே, அதே குரல், இப்போது கொஞ்சம் நடுங்குகிறது. இரண்டாவது பாட்டு வந்தபோது விளக்குமாற்றுச் சத்தம் நின்றிருந்தது. அந்தப் பெரியவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, மரத்தடியில் குத்துக்காலிட்டு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு என்ன தெரிந்தது, அந்த ஓசையை அவர் அங்கே கேட்டிருக்கிறாரா, எனக்குத் தெரியாது, கேட்கவும் மொழி இல்லை. ஐந்து பாட்டு பாடினாள். முடிந்ததும் அவர் எழுந்து வந்து, அக்காவின் காலடியில் கிடந்த இரண்டு மூன்று இலைகளைக் கையாலேயே பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மதியம் நாங்கள் இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. சாயங்காலம் லும்பினி பூங்காவில் ஏரிக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆள் நீளத்துக்கு உடும்புகள் தண்ணீரிலிருந்து ஏறி நடைபாதையைக் கடக்கின்றன, யாரும் விரட்டுவதில்லை, ஓடுகிறவர்கள் சுற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். சரியாக ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம். ஓடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள், சைக்கிள் நின்றது, குழந்தைகள்கூட. அக்கா எழ முயன்றாள், உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால் பிடித்துக்கொண்டது. வியர்வை வழிய நின்ற ஒரு நடுவயதுக்காரர், பார்வையை நேரே வைத்தபடியே, கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினார். கீதம் முடியும் வரை அக்கா அந்தக் கையைப் பிடித்தபடி நின்றாள். முடிந்ததும் அவர் ஓடிப்போய்விட்டார்.

சத்துச்சக் சந்தைக்குப் போகவில்லை, மிதக்கும் சந்தை பார்க்கவில்லை, உயரமான கட்டடத்தின் கண்ணாடித் தரையில் நிற்கவில்லை. பெரிய மால்களில் ஒன்றில் குளிருக்காக மட்டும் அரை மணி இருந்தோம்.

கிளம்புகிற அன்று காலை ஐந்தே முக்காலுக்கு டாக்ஸி. பூக்காரம்மா அப்போதுதான் பெட்டியைத் திறந்து ஐஸைக் கொட்டிக்கொண்டிருந்தார். பெட்டிகளைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, விமானம் பறப்பது போலக் கையை வீசிக் காட்டிவிட்டு, ஒரு மாலையை எடுத்து அக்காவின் மணிக்கட்டில் போட்டார். இருபது பாட்டை நீட்டினால் வாங்கவே இல்லை, அக்காவின் முழங்காலைத் தொட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். அக்கா கைப்பையைத் துழாவினாள், ஊக்குகூட மிச்சமில்லை, கடைசியில் நெற்றிக்கு வைத்துக்கொள்ள எடுத்து வந்திருந்த குங்குமச் சிமிழை அப்படியே அவர் கையில் வைத்து மூடினாள்.

நாங்கள் தங்கிய இடத்தின் வாசலில், ஒற்றைத் தூண்மேல் பொம்மை வீடு மாதிரி ஒரு சின்னக் கோயில் உண்டு, அந்த மண்ணைக் காக்கும் பூமி தெய்வத்துக்கு. தினமும் யாரோ அதன்முன் சிவப்பு ஃபான்டா பாட்டிலைத் திறந்து உறிஞ்சுகுழல் போட்டு வைப்பார்கள். டாக்ஸிக்காரர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்கா ஷூவைக் கழற்றிவிட்டு நடைபாதையில் வெறுங்காலோடு போய், மணிக்கட்டில் இருந்த மாலையைக் கழற்றி அந்த ஃபான்டா பாட்டில் பக்கத்தில் வைத்தாள்.

"ஏறு, லேட்டாகுது" என்றேன்.

"இருடா" என்றாள்.